சாம்பல் நிறக் கதிரையும் அதற்குள் இருந்த தும்பும்

இம் முறை ஒரு கதிரையைப் பற்றி எழுதப் போகிறோம். புறொக்கன்ஹவுஸ் எனப்படும் பழைய பொருட் கடைகளின் பின்முற்றத்திலோ, வயதானவர்கள் இருக்கும் வீட்டுத் தோட்டங்களிலோ வாசகர்களில் சிலர் இதனைக் கண்டிருக்கக் கூடும். காலில்லை, கைப்பிடியில்லை, ஆணியுமில்லை. அகலமான ஒரு நாடாவை எடுத்து வளைத்து இரு முனைகளையும் ஒன்றாக ஒட்டிவிட்டது போல, ஒரே வளையமாக நிலத்தில் நிற்கும். நிறம் சாம்பல். பார்த்தால் மட்டை போல மெல்லியது, தொட்டால் சீமெந்து.

சீமெந்தில் இவ்வளவு மெல்லிய கதிரை எப்படி நிற்கும், ஒரு ஆள் இருந்தால் முறியாதா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு மறுமொழி தேடிப் போனால் இந்த நாட்டின் ஒரு பெருமையான கதையும் ஒரு துயரமான கதையும் சேர்ந்தே வருகின்றன. இரண்டாவது கதை எமது வீட்டு வாசல் வரை வந்து நிற்கிறது. அதனாற்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஊருக்குப் போய் வருவோம். எமது பாட்டன் பாட்டி காலத்து மண்வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். களிமண்ணைக் குழைக்கும்போது வைக்கோலைத் துண்டுகளாக்கிப் போட்டு மிதிப்பார்கள். களிமண் தனியே காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் தனியே சுவராக நிற்காது. இரண்டும் சேர்ந்தால் மழைக்கும் வெயிலுக்கும் பல வருடம் தாக்குப் பிடிக்கும். வெடிப்பு ஓடி வரும்போது குறுக்கே கிடக்கும் தும்பு அதைப் பிடித்து மறித்து விடுகிறது. நசுக்கும் பாரத்தை மண் தாங்கும், இழுக்கும் பாரத்தைத் தும்பு தாங்கும். இவ்வளவுதான் சங்கதி. இதைத்தான் இன்றைய பொறியியலாளர்கள் கூட்டுப்பொருள் என்கிறார்கள். விமானத்தின் சிறகும், பந்தயப் படகும், பனிச்சறுக்குப் பலகையும் இதே கணக்கில்தான் செய்யப்படுகின்றன. களிமண்ணுக்குப் பதில் பிசின், வைக்கோலுக்குப் பதில் கண்ணாடித் தும்போ கரித் தும்போ.

சீமெந்துக்கும் களிமண்ணின் குணந்தான். நசுக்கினால் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். ஒஸ்ரியாவைச் சேர்ந்த லூட்விக் ஹாட்செக் என்பவர் அதற்கு ஒரு வைக்கோல் தேடினார். அவருக்குக் கிடைத்தது கல்நார். அஸ்பெஸ்ரஸ் என்று நாம் ஊரில் சொல்லும் அதே சாமான். மலையில் கல்லாகக் கிடப்பது, பிரித்தால் பஞ்சு போல நாராக வரும், நெருப்பில் எரியாது, உக்காது. ஹாட்செக் கடதாசி மட்டை செய்யும் இயந்திரத்தை எடுத்து, அதில் மரக் கூழுக்குப் பதிலாகச் சீமெந்தும் கல்நாரும் தண்ணீரும் கலந்த கூழை விட்டார். மெல்லிய படைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிப் படிந்து தகடாயின. 1901இல் காப்புரிமையும் பெற்றார். என்றும் அழியாதது என்ற பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து எற்றர்னிற் என்று பெயரும் வைத்தார். இரண்டு வருடம் கழித்து, 1903இல், சுவிசில் கிளாறுஸ் மாநிலத்து நீடருர்னன் கிராமத்தில் அதற்கொரு தொழிற்சாலை எழுந்தது. சூரிச்சிலிருந்து கூர் பக்கம் புகைவண்டியில் போகிறவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் வாயைக் கடந்துதான் போவார்கள்.

கூரை, சுவர்த் தகடு, தண்ணீர்க் குழாய் என்று அரை நூற்றாண்டு ஓடியது. கல்நாரின் அளவு சுமார் பத்தில் ஒரு பங்குதான், மிச்சம் சீமெந்து. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்குதான் தகட்டை மெல்லியதாக நிற்க வைத்தது.

இங்கேதான் வில்லி கூல் வருகிறார். 1915இல் ஸ்ரைன் அம் றைன் என்ற சிறிய ஊரிற் பிறந்தவர். தச்சுத் தொழில் பழகியவர். பின்னர் சூரிச் கலைத்தொழிற் பாடசாலையில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறைக்கே பொருள் வடிவமைப்பைக் கற்பித்தார். படம் கீறி வைத்துவிட்டுத் தொழிற்சாலையிடம் கொடுப்பது அவருடைய வழியன்று. பொருளைக் கையில் எடுத்து, வளைத்து, முறித்து, அது எதைச் செய்ய விரும்புகிறது என்று பார்ப்பதே அவருடைய பாடம். (எமது ஊர்த் தச்சாசாரிமாரும் மரத்தைத் தட்டிப் பார்த்துத்தான் பேசுவார்கள்.)

1950களின் தொடக்கத்தில் கூலும் அவருடைய மாணவர்களும் எற்றர்னிற் தகட்டைக் கையில் எடுத்தார்கள். இயந்திரத்திலிருந்து வந்தவுடன் அந்தத் தகடு ஈரமாக இருக்கும். ரொட்டி மா போலவோ நனைந்த கம்பளி போலவோ மடியும். அந்தச் சில மணி நேரத்துக்குள் என்ன வடிவம் கொடுக்கிறோமோ அது அப்படியே இறுகி விடும். கூரைத் தகடு செய்பவர்களுக்கு இந்த ஈர நேரம் ஒரு தொல்லை. கூலுக்கு அதுதான் வாய்ப்பாகத் தெரிந்தது. முதலிற் பூச்சாடிகள் வந்தன. யானையின் காது போல விரிந்து மடிந்த ஒன்றுக்கு அந்தப் பெயரே நிலைத்தது. இன்றும் சுவிசின் பொதுப் பூங்காக்களிலும் பழைய வீட்டு முற்றங்களிலும் அவை நிற்கின்றன.

1954இல் கதிரை. ஒரே தகடு. ஈரமாக இருக்கையில் அச்சின்மேல் வளைத்து, முனைகளைச் சேர்த்து, காய விடுவது. உள்ளே கம்பி இல்லை. வெட்டிக் கழிப்பது மிகக் குறைவு. தோட்டத்தில் மழையிலும் பனியிலும் கிடக்கலாம், துருப்பிடிக்காது. விலையும் சாதாரண மனிதர் வாங்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். இருபதாம் நூற்றாண்டின் சுவிஸ் தளபாடங்களைப் பற்றி எழுதும் எவரும் இதை விட்டுவிட்டு எழுதுவதில்லை. சூரிச் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2022இன் முடிவில் அவருடைய வேலைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. எங்களுக்கும் அக் கதிரை பிடிக்கும். சும்மா சொல்லக் கூடாது, இவ்வளவு குறைவான சாமானில் இவ்வளவு நேர்த்தியாக ஒன்றைச் செய்வது பெரிய வித்தை.

ஆனால் அந்த வித்தையில் பாதி கல்நாருடையது. அந்த மெல்லிய விளிம்பு, அந்த வளைவு, கம்பியில்லாமல் நிற்கும் பலம், எல்லாவற்றையும் தாங்கியது அத் தும்பு.

கல்நாரின் தும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெடுக்காகப் பிரிந்துகொண்டே போகும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடி வரை சென்று தங்கும். எரியாத, உக்காத அதே குணம் உடம்புக்குள்ளும் தொடர்கிறது. உடல் அதைக் கரைக்க முடியாமற் தவிக்கும். நுரையீரல் இறுகும் நோய், நுரையீரற் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மெசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோய் ஆகியன இதனால் வருகின்றன. புகைபிடிப்பவருக்கு நுரையீரற் புற்றுநோயின் ஆபத்துப் பல மடங்காகப் பெருகும். எல்லாவற்றிலும் மோசமானது, நோய் வெளியே தெரிய 15 தொடக்கம் 45 ஆண்டுகள் வரை எடுக்கும். இருபது வயதில் மூச்செடுத்த தூசுக்கு அறுபது வயதில் கணக்குத் தீர்க்க வேண்டி வரும். அந்த வேளையில் எந்த வேலைத்தலம், எந்த முதலாளி என்று நினைவிருக்குமோ தெரியாது.

சுவிசில் 1980களில் எற்றர்னிற் தகடுகளிலிருந்து கல்நார் படிப்படியாக விலக்கப்பட்டது. 1989இல் சட்டம் தடை செய்தது, 1990இலிருந்து அது நடைமுறையில் முழுமையாகியது. சில குழாய்களுக்கு மட்டும் 1990களின் நடுப்பகுதி வரை தவணை கொடுத்தார்கள். கல்நாருக்குப் பதிலாகச் செயற்கைத் தும்பும் மரக்கூழ்த் தும்பும் சேர்க்கப்பட்டன. புதிய தகடு நல்லதுதான், ஆனாற் பழைய பலம் அதே மெல்லிய தடிப்பில் வரவில்லை. ஆகவே பழைய கதிரையின் உற்பத்தி நின்றது. 1998இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, கூல் தாமே திரும்பவும் உட்கார்ந்து அக் கதிரையைப் புதிய சாமானுக்கு ஏற்ப மாற்றி வடிவமைத்தார். கூடவே பொருத்தமான ஒரு சிறு மேசையும் செய்தார். இன்று கடையில் விற்கும் கதிரை அதுதான். கல்நார் இல்லாதது. 2004இல் கூல் காலமானார். தாம் செய்த பேர்பெற்ற பொருள் ஒன்றின் சாமான் கூடாதென்று தெரிந்த பின், வடிவத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிராமல் மாற்றிக் கொடுத்த அந்தக் கிழவரை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

தும்பு தேடும் வேலை இந்த நாட்டில் நிற்கவில்லை. பிறிபோர்க்கில் 2011இல் தொடங்கிய பீகொம்ப் என்ற நிறுவனம் ஆளிச் செடியின் நாரை எடுத்துக் கூட்டுப்பொருள் செய்கிறது. இலையின் அடியில் நரம்பு புடைத்து நிற்பது இலையை விறைப்பாக்குகிறது அல்லவா, அதே மாதிரி மெல்லிய தகட்டின் பின்னால் நார்க் கயிறுகளை வலையாகப் படிய வைக்கிறார்கள். பனிச்சறுக்குப் பலகையில் தொடங்கி, 2020இல் மக்லாறன் பந்தயக் காரின் இருக்கை வரை போயிருக்கிறார்கள். பனை நாரும் தென்னந் தும்பும் கைபட்டு வளர்ந்த எமது பிள்ளைகளில் யாராவது ஒருவர் இந்தத் துறையைப் படித்தால் நல்லது என்று ஓர் ஆசை எங்களுக்கு உண்டு. அது வேறு கதை.

துயரக் கதைக்கு வருவோம். இத்தாலியில் கசாலே மொன்பெராத்தோ என்ற ஊரில் 1907 முதல் 1986 வரை ஓர் எற்றர்னிற் தொழிற்சாலை இருந்தது. அங்கு வேலை செய்தவர்கள் மட்டுமன்றி, அவர்களுடைய உடுப்புகளைத் தோய்த்த மனைவிமாரும், ஊரில் சும்மா இருந்தவர்களும் நோய்ப்பட்டு இறந்தார்கள். தூரின் நீதிமன்றம் 2012இல் சுவிஸ் உரிமையாளருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் காலம் கடந்த வழக்கு என்று அதைத் தள்ளியது. வேறு குற்றச்சாட்டுகளின் கீழ் வழக்குகள் பின்னரும் தொடர்ந்தன.

இந்தக் காலம் கடந்த கதைதான் சுவிசிலும் பெரிய வழக்காக இருந்தது. இங்கு அப்போதிருந்த சட்டப்படி, தூசு பட்ட நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் நட்டஈடு கேட்க வேண்டியிருந்தது. நோயோ முப்பது வருடம் கழித்து வரும். நோய் வருமுன்னமே வழக்குப் போடும் உரிமை போய்விடுகிறது. இயந்திரத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் இதை எதிர்த்து ஸ்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயிற்று. 2014 மார்ச்சில் அந்த நீதிமன்றம், சுவிஸ் நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2017இல் கல்நாரால் பாதிக்கப்பட்டோருக்கென ஒரு நட்டஈட்டு நிதியம் அமைந்தது. 2020 ஜனவரி 1 முதல் பத்து வருடம் இருபது வருடமாக நீட்டப்பட்டது. நாற்பத்தைந்து வருடம் வரை காத்திருக்கக் கூடிய நோய்க்கு இருபது வருடம் போதுமா என்பதை வாசகர்களே கணக்குப் பார்க்கட்டும்.

2024 பெப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. இது நீடருர்னன் கிராமத்தையே பற்றியது. 1961 முதல் 1972 வரை, பிள்ளைப் பருவத்திலும் இளமையிலும், தொழிற்சாலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த ஒருவர், அங்கே ஒரு நாளும் வேலைக்குப் போகாதவர், 2006இல் நுரையீரல் உறைப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய குடும்பத்தின் வழக்கையும் சுவிஸ் நீதிமன்றங்கள் காலங் கடந்ததென்று தள்ளியிருந்தன. ஸ்ராஸ்பூர்க் நீதிமன்றம் மறுபடியும் சுவிசுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது.

இனி எமது பக்கம். ஊரில் ஓடு வாங்க வசதியில்லாதவர்கள் அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டார்கள். எத்தனை பாடசாலை, எத்தனை கடை, எத்தனை கொட்டில். ஷெல் விழுந்து அவை நொருங்கிய காலத்தில் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கோழிக்கூட்டுக்கும் கிணற்றடி மறைப்புக்கும் வைப்பது வழக்கம். உயிர் தப்பினால் போதும் என்றிருந்த நேரத்தில் தூசைப் பற்றி யார் நினைப்பது. இலங்கையில் இன்றும் அது தடை செய்யப்படவில்லை. 2018 தொடக்கத்திலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கண்டோம் என்று கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நாரைப் பெருமளவில் விற்கும் நாடு ரஷ்யா. இலங்கை கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளி வைத்தது, அந்த மாத முடிவிலேயே தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இங்கிருந்து ஊரில் வீடு திருத்தக் காசு அனுப்புவோர், கூரைக்கு என்ன போடப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புவது நல்லது. பழைய கூரையைக் கழற்றுவதானால் உடைத்துக் கொட்டாமல், நனைத்து, முழுதாக இறக்கச் சொல்லுங்கள்.

சுவிசுக்குப் புதிதாக வந்து குடியேறியவர்கள் இதை இரண்டு இடங்களில் சந்திப்பார்கள். ஒன்று வேலை. எம்மவர் பலருக்கு முதலிற் கிடைப்பது துப்புரவு, பழைய கட்டிடம் இடித்தல், சமையலறை குளியலறை கழற்றுதல், வீடு மாற்றிக் கொடுத்தல் போன்றவையே. 1990க்கு முன் கட்டிய எந்தக் கட்டிடத்திலும் கல்நார் இருக்கலாம். கூரைத் தகட்டில் மட்டுமன்று. பழைய பிளாஸ்ரிக் நில விரிப்பின் அடியில் உள்ள மட்டைப் படையில், குளியலறை மாபிள் ஒட்டும் பசையில், யன்னல் கண்ணாடிப் பூச்சில், மின்சாரப் பெட்டியின் பின்பலகையில், சூடாக்கும் குழாய்களைச் சுற்றிய உறையில் எல்லாம் வைத்திருக்கிறார்கள். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். இப்படியான கட்டிடத்தில் வேலை தொடங்குமுன் கல்நார் உண்டா என்று அறிந்து, பாதுகாப்பு ஒழுங்கு செய்வது வேலை கொடுப்பவரின் சட்டக் கடமை. நாம் கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. அந்தப் பயம் எமக்குத் தெரியாததன்று. ஆனால் சூவா என்ற விபத்துக் காப்புறுதி நிறுவனமே, ஆபத்துத் தெரிந்தால் வேலையை நிறுத்து என்று தொழிலாளருக்குச் சொல்லி வைத்திருக்கிறது. சொல் தெரியாவிட்டால் ஒரு சொல் போதும். ஜேர்மன் பேசும் இடத்தில் அஸ்பெஸ்ற், பிரெஞ்சில் அமியோந்த், இத்தாலியனில் அமியாந்தோ. அந்தச் சொல்லைச் சொல்லி வேலையைக் காட்டுங்கள். எந்த வருடம், எந்த இடத்தில், யாரிடம் வேலை செய்தீர்கள் என்பதைச் சம்பளச் சீட்டுகளோடு ஒரு கோப்பில் வைத்திருங்கள். முப்பது வருடம் கழித்து அது தேவைப்பட்டால் வேறு எங்கும் கிடைக்காது. தொழிலால் வந்த கல்நார் நோய்க்குச் சூவா காப்புறுதி உண்டு.

மற்றது தோட்டம். கெமைண்டவிடம் ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் பயற்றங்காயும் பூசணியும் போடும் குடும்பங்கள் இப்போது நிறைய. அந்த நிலத்தோடு ஒரு பழைய கொட்டிலும் வரும். அதன் கூரை அலையலையான சாம்பல் தகடாக இருந்தால், பயந்து ஓட வேண்டியதில்லை. உடையாமல் அப்படியே கிடக்கும் தகட்டில் தும்பு சீமெந்துக்குள் கட்டுண்டு இருக்கிறது. துளைப்பதும், வாளால் அறுப்பதும், பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும், உயர் அழுத்தத் தண்ணீரால் அடிப்பதுந்தான் அதை அவிழ்த்து விடும் வேலைகள். சுத்தம் பார்க்கும் எமது பெண்கள் பாசி பிடித்த பழைய பூச்சாடியைக் கண்டால் சும்மா விடமாட்டார்கள். 1990க்கு முந்திய சாம்பல் நிறப் பூச்சாடியாக இருந்தால், பாசியோடு விட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் பழைய நில விரிப்பை நீங்களே கழற்றிக் கொள்ளலாம் என்று தாராளமாகச் சொன்னாலும், முதலில் பரிசோதித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

புறொக்கன்ஹவுசில் அந்த வளையக் கதிரையைக் கண்டால், எந்த வருடத்தது என்று கேட்டுப் பாருங்கள். பழையவை சேகரிப்பாளர் மத்தியில் நல்ல விலை போகின்றன, அதனாற் கடைக்காரருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். உடைந்து போன சாடியோ தகடோ உங்கள் பொறுப்பில் இருந்தால் குப்பைப் பையில் போடக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, மேலும் உடைக்காமல், தடித்த பிளாஸ்ரிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, எங்கே கொண்டுவந்து தருவது என்று கெமைண்டவுக்குத் தொலைபேசி எடுங்கள். எந்த நாளில், எந்த இடத்தில் எடுப்பார்கள் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.